இருபத்தெட்டு நாள் கணக்கு

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் அடுத்தவர் வயலில் அம்மாவோடு நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தேன். இன்றைக்கு என் பேரில் மூன்று டிப்பர் லாரியும் ஒரு பொக்லைன் இயந்திரமும் ஓடுகின்றன. நெய்வேலியில் சுரங்கத்துக்கு மேல்மண் எடுக்கிற காண்ட்ராக்ட் வேலையில் என்னைத் தெரியாத மேஸ்திரி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சும்மா வந்ததில்லை இது.

எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லுவேன். தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வந்ததை என் டிரைவர்கள் யாரும் கேட்டதில்லை. தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்லிவிட்டு, பிறகு ஓடிப்போய் அதை உண்மையாக்கி வைப்பேன். இப்படியே முப்பத்தைந்து வருஷம் தொழில் நடத்தியாயிற்று. அப்படிப்பட்ட என்னை ஒரு அம்மாள் போனில் கேட்ட ஒரே கேள்வி மல்லாக்கப் போட்டுவிட்டது.

"ஜோசியரு ஆவணியில மூணு தேதி குடுத்திருக்காருண்ணே. உங்க பொண்ணுக்கு எது தோதுப்படும்னு வூட்ல பொம்பளைங்கள கேட்டுச் சொல்லுங்க."

கேட்டது என் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணத் தேதி குறிக்கும் முன்னால் பெண்ணுக்கு அன்றைக்கு வீட்டு விலக்கு வராமல் இருக்குமா என்று பெண்ணின் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்வது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் அதைக் கேட்கப் பெண்ணின் அம்மா இல்லை. மகளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது என் வீட்டுக்காரி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மந்தாரக்குப்பத்து வீட்டில் ஆம்பளை, பொம்பளை, அப்பா, அம்மா எல்லாம் நான்தான்.

அதையும் சரியாகத்தான் செய்தேன். பதிமூன்று வயதில் அவள் பெரிய மனுஷி ஆனபோது, சேத்தியாத்தோப்பிலிருந்து என் அக்காவை வரவழைத்து, தெருவடைத்துப் பந்தல் போட்டு, இரண்டு நாள் பாட்டு வைத்துச் சடங்கு செய்தேன். மற்ற அப்பன்மார் எல்லாம் அதோடு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் ஒதுங்கவில்லை. மருந்துக் கடைக்கு நானே போய் நாப்கின் கேட்பேன். கடைக்காரர் நியூஸ்பேப்பரில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பை போட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக் கொடுப்பார்.

"ஏன்யா இத்தன சுத்து சுத்துற, உள்ள என்ன வெடிகுண்டா இருக்குது" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பேன்.

பள்ளிக்கூடத்துக்கு அவள் பல நாள் என் லாரியில்தான் வருவாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டிப்பரின் டூல்பாக்ஸில் ஸ்பேனர், கிரீஸ் கன், ஸ்பேர் பெல்ட் ஆகியவற்றோடு ஒரு நாப்கின் பாக்கெட்டையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் போட்டு வைத்தேன். புதிதாகச் சேருகிற டிரைவர் யாராவது, "இது எதுக்கு மொதலாளி?" என்று கேட்டால், "வண்டிக்கு வேண்டியதுதான், மூடி வை" என்பேன்.

இயந்திரம் வைத்திருப்பவன் சர்வீஸ் நோட்டு வைத்திருப்பான். எந்தத் தேதியில் ஆயில் மாற்றினோம், அடுத்து எப்போது என்று அதில் குறித்து வைத்தால்தான் பொக்லைன் நடுக்காட்டில் நின்று மானத்தை வாங்காது. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகளின் தேதிகளைச் சிவப்புக் கோடாகப் போட்டு வந்தேன். கடையில் எப்போது வாங்க வேண்டும் என்று தெரியவேண்டாமா? ஆனால் அந்தக் கோடுகள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று இருபத்தெட்டு நாளில் விழும். அடுத்தது நாற்பத்தைந்தில். அதற்கடுத்தது மூன்று மாதம் ஆளே இருக்காது. திடீரென்று வந்து பத்து நாள் பாடாய்ப்படுத்தும்.

"எள்ளுருண்டை குடு, எல்லாம் சரியாயிடும்" என்றாள் அக்கா. அக்கா சொன்னது தினம் ஒன்று. எதையும் மொத்தமாக வாங்கித்தான் எனக்குப் பழக்கம். பண்ருட்டியிலிருந்து ஐந்து கிலோ எள்ளுருண்டை இறக்கினேன். மகள் ஒரு வாரம் தின்றாள். பிறகு என் டிரைவர்கள் ஒரு மாதம் தின்றார்கள்.

பதினெட்டு வயதில் டிப்ளமோ சேர்ந்தபோது மகள் சர்வீஸ் நோட்டைக் கையிலெடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பொக்லைனின் ஆயில் ஃபில்டர், மறுபக்கம் அவள்.

"ப்பா, இனிமே இத நான் பாத்துக்கிறேன். நீ வண்டிய பாரு" என்றாள்.

அதோடு என் சிவப்புக் கோடு நின்றது. பெண் வளர்ந்துவிட்டாள், எல்லாம் தானாகச் சரியாகியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு யார் சொல்லவேண்டும்?

எட்டு வருஷம் கழித்துத்தான் அந்தப் போன். மாப்பிள்ளை அனல்மின் நிலையத்தில் டெக்னீசியன். அவருடைய அப்பா சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆள், டவுன்ஷிப்பின் பதினாறாவது வட்டத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் காடாம்புலியூர். முந்திரித் தோப்பும் ஏழெட்டுப் பலா மரமும் உண்டு. ஐப்பசியில் அவர் ரிட்டையர் ஆகிறார். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். முப்பது வருஷம் இருந்த வீட்டிலிருந்தே மகன் கல்யாணத்தை நடத்திவிட்டுப் போகவேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ஆசை. அதனால்தான் ஆவணி, அதனால்தான் அவசரம்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். மகள் அப்போது சுரங்கத்தில் வேலையில் இருந்தாள்; வெட்டியெடுத்த மண்ணை அளக்கிற சர்வேயர் வேலை, காண்ட்ராக்ட்டில். சாயங்காலம் வரை பொறுத்திருந்தால் போதும். ஆனால் பெண்ணை வளர்த்த ஆள் நான், இது தெரியாதா என்று அந்த அம்மாள் நினைத்துவிடுவாரே.

"அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் தங்கச்சி" என்று வைத்துவிட்டுப் பரணிலிருந்து பழைய சர்வீஸ் நோட்டை இறக்கினேன். கடைசிச் சிவப்புக் கோடு இருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தையது. அதிலிருந்து இருபத்தெட்டு இருபத்தெட்டாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். லீப் வருஷத்துக்கு மறக்காமல் நாள் சேர்த்தேன். மனக்கணக்கில் என்னை அடிக்க ஆளில்லை. ஆவணி வரை வந்து பார்த்தால், ஜோசியர் கொடுத்ததில் இரண்டாவது தேதி பொட்டில் அடித்த மாதிரி நடுவில் விழுந்தது. முன்னால் பன்னிரண்டு நாள், பின்னால் பதினாறு நாள்.

"ரெண்டாவது தேதியே வச்சுக்குங்க" என்றேன் போனில்.

"நல்லா கேட்டுட்டீங்களாண்ணே?"

"கேக்கறதுக்கு என்னா இருக்குது? எங்க வூட்டுப் பொண்ணு சுரங்கத்துல ஷிப்டு சங்கு ஊதுற மாதிரி. இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டு. ஒரு நாள் முன்னப் பின்ன ஆவாது."

சாயங்காலம் மகள் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே தேதி குறித்த சந்தோஷத்தைச் சொன்னேன். சொன்ன கையோடு இருபத்தெட்டையும் சொல்லிவிட்டேன். அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

"யார கேட்டுச் சொன்ன?"

"கணக்குப் போட்டுச் சொன்னேன்."

"எந்தக் கணக்கு?"

நோட்டைக் காட்டினேன். முதலில் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

"எனக்கு நாலு மாசமா வரவே இல்லப்பா."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷமே தனியாகக் கடலூர் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்திருக்கிறாள். ஸ்கேனில் கருமுட்டைப் பையில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. எடை குறைக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு வேலை மும்முரத்தில் விட்டுவிட்டாளாம். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை உடனே நிற்காமல் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"இத அவங்க வூட்ல சொல்லணும்" என்றாள்.

"கல்யாணம் முடியட்டும். மெதுவா சொல்லிக்கலாம்."

"சொல்லாம கழுத்த நீட்ட மாட்டேன்."

"யாரும்மா இதையெல்லாம் தண்டோரா போடுவாங்க? சம்பந்தம் கைவிட்டுப் போயிடும்."

"போனா போவட்டும். லோடுல ஒரு கூடை மண்ணு கொறையுதுன்னா நீ ஏத்திகினு போவியாப்பா? முப்பத்தஞ்சு வருஷமா ஒரு லோடு கொறைச்சதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறியே."

நான் சொல்லிக்கொண்டு திரிவதெல்லாம் உண்மைதான். ஒரு லோடு குறைத்தது கிடையாது. என் பெருமையையே எடுத்து என் வாயை அடைக்க இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவளோடு கடலூருக்கு நானும் போனேன். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், ஸ்கேன் பார்த்தார். பிறகு என்னையும் உட்கார வைத்துப் பேசினார். மாதாமாதம் வரவேண்டிய முட்டை சில மாதம் வெளியே வராமல் தங்கிவிடுகிறது, அதனால் நாள் தவறுகிறது, நிறையப் பெண்களுக்கு இருக்கிறது என்றார்.

"கொழந்த?" என்றேன்.

"நாள் தவறுது என்பதாலேயே குழந்தை பிறக்காதுன்னு அர்த்தம் இல்லைங்க. சிலருக்குத் தானாவே நிற்கும். சிலருக்கு மாத்திரை கொடுத்தா நிற்கும். சிலருக்கு நாள் எடுக்கும். இவங்களுக்கு எப்படின்னு இப்பவே யாராலும் சொல்ல முடியாது."

எனக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கிறோம். வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சான்று கொடுத்துவிட்டால் ரோட்டில் ஒரு பயல் கை காட்டி நிறுத்த முடியாது.

"இதையே உங்க லெட்டர் பேடுல எழுதி, சீல் வச்சுக் குடுத்துடுங்கம்மா. மாப்பிள்ள வூட்ல காட்டிடுவேன்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். மகள் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"அப்போ மாப்பிள்ளைக்கும் ஒண்ணு எழுதி வாங்கணும் இல்லைங்களா? குழந்தைக்கு ரெண்டு பேர் வேணுமே" என்றார் டாக்டரம்மா.

அது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்ததும் மகள், "எஃப்.சி. கேட்டியே, பொல்யூஷன் சர்ட்டிபிகேட்ட ஏன் விட்டுட்ட?" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் நின்றிருந்தது வந்தது. இனி நடக்கவேண்டும், சாப்பாட்டைப் பார்க்கவேண்டும், நேரத்துக்குத் தூங்கவேண்டும். அவள் தனியாக நடந்தால் இரண்டு நாளில் விட்டுவிடுவாள் என்று நானும் கூடக் கிளம்பினேன். விடிந்ததும் பைக்கில் டவுன்ஷிப்புக்குள் போய் நிறுத்திவிட்டு, மர நிழலிலேயே வட்டம் வட்டமாக நடப்போம். பெர்மனென்ட் ஆட்கள் ஷூ போட்டு நடப்பார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு அவர்களை ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு போவேன். ஒரு வாரத்தில் என் வயிறுதான் குறைந்தது.

ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே, திரும்பிப் பார்க்காமல், "பயமா இருக்குதுப்பா" என்றாள்.

"எதுக்கு? அவங்க வேணாம்னு சொல்லிடுவாங்கன்னா?"

"அது கூட இல்ல. கொழந்த பொறக்காமயே போயிட்டா. எனக்கு வேணும்ப்பா. ரெண்டு வேணும்."

ஏதாவது சொல்லிப் பிறகு உண்மையாக்கி வைக்கிற விஷயமில்லை இது. "தெரியலம்மா" என்றேன். எனக்கே அந்த வார்த்தை புதிதாக இருந்தது. அவள் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினாள். இரண்டு பேரும் அன்றைக்கு ஒரு வட்டம் அதிகமாக நடந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாறாவது வட்டத்துக்குப் போனோம். கல்யாணத்துக்கு முன்னால் பெண், மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்று அக்கா போனில் கத்தினாள். மகள் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் பின்வாசலில் மாப்பிள்ளையின் அம்மா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, காடாம்புலியூரிலிருந்து வந்த பலாப்பழத்தைப் பிளந்து வைத்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காருங்கத்தை. உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள் மகள்.

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் செத்த வெளிய இருங்கண்ணே. பொம்பளைங்க பேச்சு."

"அவ அம்மா இருந்தா உள்ளதான ஒக்காந்திருப்பா தங்கச்சி. நான் அந்தக் கணக்குலதான் வந்திருக்கேன்" என்றேன். நகரவில்லை.

மகள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீர்க்கட்டி, மாத்திரை, டாக்டர் சொன்னது, குழந்தைக்கு நாளாகலாம் என்பது. அழவில்லை. மண் அளந்து ரிப்போர்ட் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். அந்த அம்மாளின் கை மட்டும் சுளையிலிருந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் என்னிடம்தான் திரும்பினார்.

"அப்ப அந்த இருபத்தெட்டு?"

"அது என் தப்பு, தங்கச்சி. இவகிட்ட கேக்காம நானா சொன்னது."

"நானா சொன்னதுன்னா? அப்படி அடிச்சு சொன்னீங்களே. சங்கு, கிங்குன்னு."

"பழைய நோட்ட பாத்துக் கணக்குப் போட்டேன்."

"எத்தன நாள் பழசு?"

"எட்டு வருஷம்."

அந்த அம்மாள் ஒரு தட்டில் சுளைகளைப் போட்டு மகள் பக்கம் நகர்த்தினார். "வூட்ல கலந்துகினு சொல்றேன்" என்றார்.

மூன்று நாள் போன் வரவில்லை. அந்த மூன்று நாளும் நான் டிரைவர்கள் எல்லோரையும் காரணமில்லாமல் திட்டினேன். மகள் வழக்கம்போல நடந்தாள், வேலைக்குப் போனாள். சாப்பாட்டில் மட்டும் கை துழாவிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் காலை சுரங்க ரோட்டில் லாரி வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது.

"மூணாவது தேதி வச்சிருக்கோம்ணே. மண்டபம் அன்னிக்குத்தான் காலியா இருக்குது. வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். இனிமே அத யாரும் கணக்குப் பண்ண வேணாம்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்த அம்மாளே பேசினார்.

"பையன்கிட்ட சொன்னேன். அவனும் போய் டாக்டர பாத்துக்கறேன்னுட்டான். எனக்குத்தான் ரெண்டு நாளு மனசு ஆறல, உள்ளத சொல்லணும்ல. எனக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம் கழிச்சுதான் இவன் பொறந்தான். அந்த நாலு வருஷமும் எங்க மாமியாரு மாசாமாசம் வந்து என்னை ஒரு கேள்வி கேப்பாங்க. காலண்டர கிழிக்கவே பயமா இருக்கும். அத நெனச்சுப் பாத்தேன். உங்க பொண்ணு நேரா வந்து என் எதுர ஒக்காந்து சொல்லுச்சு பாருங்க, எனக்கு அன்னிக்கு அந்த தைரியம் இல்ல."

"ரொம்ப சந்தோஷம் தங்கச்சி."

"சந்தோஷம் இருக்கட்டும். நீங்க சொன்ன இருபத்தெட்ட மட்டும் நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வழக்கமாக அதற்கு இறங்கிப்போய்ச் சண்டை போடுவேன். அன்றைக்குக் கை காட்டி அவனை முன்னால் போகச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா வந்து இறங்கினாள். பையில் நாள் தள்ளிப்போடுகிற மாத்திரை, யாரோ சொல்லி வாங்கியது.

"வராதத தள்ளிப்போட என்னா மாத்திர, அத்த?" என்றாள் மகள். டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாத்திரையில் வந்த அந்த ஒரு தடவைக்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேலாக ஒன்றும் இல்லை. நடை நடந்ததுதான் மிச்சம் என்று உள்ளுக்குள் எனக்கு வருத்தம். வெளியே காட்டவில்லை. மண்டப வாசலில் கட்ட வாழை மரம் ஏற்றி, என் டிப்பரை நானே ஓட்டிக்கொண்டு போய் வாசலோரம் நிறுத்தினேன். மாலை போட்டு நின்றது வண்டி. மற்றவர்கள் காரில் வருவார்கள். நான் என் சம்பாத்தியத்தில் வந்து இறங்கினேன்.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. விடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா முகம் வெளிறி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"தம்பி, மோசம் போயிட்டோம்டா. பொண்ணுக்கு வந்துடுச்சு."

"என்னாது?"

"அதான்டா."

"தானாவா? மாத்திர இல்லாமயா?"

"தானாதான்டா. இப்ப மணவறையில எப்படி ஒக்காருறது? கைவசம் ஒண்ணுகூட இல்லங்குது. எந்தக் கடையும் தொறக்கல."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். டிப்பரின் டூல்பாக்ஸைத் திறந்தேன். கிரீஸ் கன்னுக்கும் பெல்ட்டுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறையில் பாக்கெட் இருந்தது. பள்ளிக்கூட நாளில் போட்டதல்ல. வருஷம் ஒரு தடவை, எஃப்.சி.க்கு வண்டியைக் கழுவும்போது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடுவேன். அவள் லாரியில் ஏறுவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாயிற்று. பழக்கம்தான்.

மணமகள் அறைக் கதவைத் தட்டி நீட்டினேன். பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக வந்த மகள் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். உறையில் கிரீஸ் கைரேகை பதிந்திருந்தது.

"இன்னுமாப்பா வச்சிருக்க?" என்றாள். கண் மை கலைகிற அளவுக்குப் போகும் முன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா விடவில்லை, மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்று புலம்பினாள். நான் நேராகச் சம்பந்தியம்மாளிடம் போனேன். தாம்பூலத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"தானாவா?"

"தானாதான்."

"நல்லதாப் போச்சு. புள்ளைக்குச் சூடா பால் குடுக்கச் சொல்லுங்க. ஏழரைக்கு ஒக்காரணும்."

"மணவறையில..."

"அய்யருகிட்ட யாரு சொல்லப் போறாங்க? நீங்க மைக்குல சொல்லாம இருந்தா சரி" என்றார்.

தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லா வீட்டிலும் எதற்குப் பயந்து தேதி பார்க்கிறார்களோ, அது அன்றைக்கு வந்ததற்காக அந்த மண்டபத்தில் மூன்று பேர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையையும் சேர்த்தால் நாலு. அவரிடம் அவளே சொல்லியிருக்கிறாள், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இப்போது ஒன்றரை வருஷமாகிறது. குழந்தை இன்னும் இல்லை. மாப்பிள்ளைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு தடவை முப்பத்தைந்து நாளில் வருகிறது, ஒரு தடவை அறுபதைத் தாண்டுகிறது. அடுத்த மாதத்திலிருந்து வேறு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறார்கள். இரண்டு பேரும் இப்போது சேர்ந்து நடக்கிறார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் நான் நடப்பதை விடவில்லை, அவர்களையும் தாண்டித்தான் போகிறேன்.

போன மாதம் காடாம்புலியூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே மகளும் அவள் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். பாயசம் ஊற்ற வந்த ஒரு சொந்தக்கார அம்மாள் வாளியை வைத்துக்கொண்டு, "என்னாம்மா, ஒண்ணும் விசேஷம் இல்லையா? எப்போதான் நல்ல சேதி சொல்லப் போற?" என்று மகளைக் கேட்டார். மகளின் கை இலையில் நின்றது. எனக்கு வாய் துடித்தது.

சம்பந்தியம்மாள் நிமிரவே இல்லை. அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"தேதியெல்லாம் எங்க சம்மந்திய கேளுங்கக்கா. அதோ எதுர ஒக்காந்திருக்காரு பாருங்க. எட்டு வருஷத்து நோட்டு வச்சிருக்காரு. பாத்துக் கரெக்ட்டா சொல்லுவாரு."

மகளுக்குப் புரையேறிவிட்டது. மாமியார் அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். பாயசக்காரம்மா ஒன்றும் புரியாமல் வாளியோடு என் பக்கம் வந்தார்.

"அப்படிங்களாண்ணே?" என்றார்.

"எனக்குத் தெரியாதும்மா. நீ பாயசத்த ஊத்து" என்றேன்.